ஜமாலாவின் ‘1944’: மூன்று நிமிடத்துக்குள் ஒரு குடும்பத்தின் கதை

நாட்டுக்கு ஒரு பாட்டாக ஐரோப்பாவில் ஆண்டுதோறும் நடக்கும் யூரோவிஷன் போன்ற போட்டிகளுக்கென்று எழுதப்படும் பாட்டுகளில் பெரும்பாலானவை, கோப்பை கைமாறிய மறுவாரமே கேட்பாரற்றுப் போய்விடுகின்றன. மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும், முதல் தடவை கேட்கும்போதே மனத்தில் ஒட்ட வேண்டும், மொழி தெரியாத நாட்டுக்காரரும் கைப்பேசியை எடுத்து வாக்களிக்க வேண்டும் என்ற கட்டாயங்கள் அந்தப் பாட்டுகளை ஒரே அச்சில் வார்த்துவிடுகின்றன. 2016ஆம் ஆண்டு உக்ரைன் நாட்டின் சார்பில் ஜமாலா பாடி முதலிடம் பெற்ற ‘1944’, அதே கட்டாயங்களுக்குக் கட்டுப்பட்டும் நிலைத்து நின்ற பாட்டு. காரைக்குடியில் இருந்துகொண்டு அந்தப் போட்டியை ஆண்டுதோறும் யூடியூபில் பார்த்துவருகிற எனக்கு, நம் பக்கத்து வாசகர்களிடம் ஒரே ஒரு யூரோவிஷன் பாட்டைப் பரிந்துரைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பாட்டில் குறைகளும் உண்டு; அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜமாலாவின் இயற்பெயர் சூசானா ஜமாலாதினோவா. அவர் 1983இல், அன்றைய சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த கிர்கிஸ்தானின் ஓஷ் நகரில் பிறந்தார். தந்தை, கருங்கடலோரத் தீபகற்பமான கிரிமியாவின் பூர்வகுடிகளான கிரிமியத் தாத்தார் இனத்தவர்; தாய் ஆர்மீனியர். கிரிமியாவில் பிறந்திருக்க வேண்டியவர் மத்திய ஆசியாவில் பிறந்ததற்கான காரணமே இந்தப் பாட்டின் பொருள். 1944 மே 18 முதல் 20 வரை, ஸ்டாலினின் ஆணைப்படி, நாஜிகளுக்கு உதவினார்கள் என்ற பழியை ஓர் இனம் முழுவதன் மேலும் சுமத்தி, ஏறத்தாழ 1,90,000 கிரிமியத் தாத்தார்களைச் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றி, பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்கு நாடுகடத்தினார்கள். ஜமாலாவின் கொள்ளுப்பாட்டி நசில்கானுக்கு அப்போது இருபத்தைந்தையொட்டிய வயது. கணவர் சோவியத்தின் செஞ்சேனையில் சேர்ந்து அதே நாஜிகளோடு போர்முனையில் போரிட்டுக்கொண்டிருந்தார். ஐந்து குழந்தைகளோடு ரயிலேறிய அந்தப் பெண், ஒரு மகளை வழியிலேயே பறிகொடுத்தார்.

கிரிமியத் தாத்தார்கள் 1980களின் கடைசியில்தான் தாயகம் திரும்பத் தொடங்கினார்கள். அப்போதும் அங்கே அவர்கள் வீடு வாங்குவதற்கு இடையூறுகள் இருந்தன. அதனால் ஜமாலாவின் பெற்றோர் சட்டப்படி மணவிலக்குப் பெற்று, சில ஆண்டுகள் ஏட்டளவில் பிரிந்திருந்து, தாயின் பெயரில் வீட்டை வாங்கியிருக்கிறார்கள். ஓட்டுக்கும் தூணுக்கும் பழுதுபார்த்தே பணம் கரைந்தாலும் பாட்டன் கட்டிய வீட்டை விற்கக் கூடாது என்று பங்காளிகள் சேர்ந்து கட்டிக்காக்கிற ஊரில் இருப்பவர்களுக்கு, இந்த ஒரு செய்தியைப் பற்றி நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

இசையில் அவர் முறையாகப் பயின்றவர். கீவ் நகர இசைக் கல்லூரியில் ஓபரா முறைப்படி குரல் பழகியபின், ஜாஸும் சோல் இசையும் கலந்த பாப் பாட்டுக்கு வந்தார். 2009இல் லாட்வியாவின் யூர்மலா நகரில் நடந்த ‘புதிய அலை’ போட்டியில் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தப் பின்னணியைச் சொல்லக் காரணம், ‘1944’ பாட்டில் கேட்பது வெறும் உணர்ச்சிக் கொந்தளிப்பன்று என்பதுதான். அழுகைக்கு மிக அருகில் குரலைக் கொண்டுபோய், சுருதி விலகாமல் அங்கேயே நிறுத்தி வைப்பதற்கு நெடுநாள் சாதகம் வேண்டும்.

பாட்டு தாழ்ந்த குரலில், ஏறக்குறையப் பேச்சைப் போலத் தொடங்குகிறது. அந்நியர்கள் வருகிறார்கள், வீட்டுக்குள் புகுகிறார்கள், கொன்றுவிட்டுத் தங்கள் மேல் குற்றமில்லை என்கிறார்கள் என்று ஆங்கில வரிகள் செய்தியை மட்டும் சொல்லிச் செல்கின்றன. அந்த இடத்தில் ஜமாலா குரலில் எந்த அலங்காரமும் சேர்ப்பதில்லை. ஒரு சில சுரங்களுக்குள்ளேயே மெட்டு சுற்றிவருகிறது. பின்னணியில் மின்னணுத் தாளம் விட்டுவிட்டுத் துடிக்கிறது. இடையிடையே கேட்கும் ஊதுகுழல் ஆர்மீனியாவின் டுடுக். அது ஆப்ரிகாட் மரத்தில் கடையப்படுவது. நம் நாகசுரத்தைப் போல இரட்டைச் சீவாளி கொண்டது. நாகசுரம் தெருக்கோடி வரை முழங்கும். டுடுக் அடித்தொண்டையில் கரகரக்கும். திருமண வீடுகளிலும் கோயில் புறப்பாட்டிலும் நாகசுரம் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு, அதே இனத்துக் கருவி இவ்வளவு அடங்கி ஒலிப்பது வியப்பாகவே இருக்கும். தாய்வழி ஆர்மீனியக் கருவி வாசிக்க, தந்தைவழித் தாத்தார் மொழியில் பல்லவி வருவதைக் கேட்கும்போது, பாடகியின் குடும்பம் முழுவதும் அந்த மூன்று நிமிடத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

பல்லவிதான் பாட்டின் உயிர். ‘ஏய் குஸெல் கிரிம்’ என்ற தாத்தார் நாட்டுப்பாடலிலிருந்து எடுத்த வரிகள் அவை. கொள்ளுப்பாட்டி பாடக் கேட்டவை என்று ஜமாலா சொல்லியிருக்கிறார். என் இளமையை நான் நிறைய வாழ முடியவில்லை, இந்த மண்ணில் என்னால் வாழ முடியவில்லை என்பது அவற்றின் பொருள். யூரோவிஷன் மேடையில் கிரிமியத் தாத்தார் மொழி ஒலித்தது அதுவே முதல் முறை. அந்த வரிகளில் யார்மேலும் குற்றச்சாட்டு இல்லை, சாபமும் இல்லை. கிடைக்காமல் போன ஒன்றைக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நிற்கின்றன. நம் ஒப்பாரியில் இறந்தவரின் பெருமையும் இருப்பவரின் வசவும் கணக்குத் தீர்த்தலும் கலந்து வரும்; அதற்கும் அழகுண்டு. இந்தப் பல்லவி அந்த வழியை விட்டு, தாலாட்டின் வழியில் நடக்கிறது. குழந்தையைத் தூங்கவைத்தபடியே தன் குறையைச் சொல்லிக்கொள்ளும் தாய்மாரின் பாட்டில் கேட்கும் அடக்கம் இதிலும் இருக்கிறது.

இரண்டாம் பல்லவிக்குப் பிறகு வரும் பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே சொற்கள் நின்றுவிடுகின்றன. ஜமாலா வெறும் உயிரொலியில், கமகங்களோடு, படிப்படியாக மேலேறிச் செல்கிறார். உச்சத்தை எட்டும் நேரத்தில் குரல் ஒரு நொடி பிளந்துவிடுமோ என்று கேட்பவர் அஞ்சுகிறார். பிளக்காமலேயே அடுத்த சுரத்துக்குப் போய்ச் சேர்கிறது. மேடைப் பதிவில் இந்த இடத்தைக் கூர்ந்து பாருங்கள்: மூச்சிழுக்கும் ஒலியும் பதிவில் கேட்கிறது, அதை மறைக்க யாரும் முயலவில்லை. அரங்கத்தின் ஆரவாரமும் அந்த இடத்தில் கொஞ்சம் பிந்தித்தான் எழுகிறது.

இனிக் குறைகள். இரண்டாம் சரணத்தில் மக்கள் சுதந்திரமாகவும் அன்போடும் வாழ்வதற்கான எதிர்காலத்தைப் படைக்கலாம் என்ற பொருளில் வரும் ஆங்கில வரிகள், பாட்டின் மற்ற பகுதிகளுக்கு ஈடாக இல்லை. எந்த நாட்டுப் பாடகர் எந்தப் போட்டியில் பாடினாலும் பொருந்தக்கூடிய வரிகள் அவை. ஒரு ரயில் பெட்டியையும் ஒரு குழந்தையையும் நினைத்து எழுதிய பாட்டுக்குள் அவை அறிவிப்புப் பலகை வாசகம் போல ஒட்டாமல் நிற்கின்றன. சர்வதேச வாக்காளரை எண்ணிச் சேர்த்திருக்கலாம் என்று புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் தாத்தார் வரிகள் பொருள் தெரியாமலேயே நெஞ்சைத் தொடும்போது, பொருள் தெரிந்த இவை தொடவில்லை என்பது பாட்டின் பலவீனந்தான்.

இரண்டாவது குறையைக் கண்டுபிடித்தவர் எங்கள் அப்பத்தா. அவருடைய தந்தையார் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போய், 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்களில் ஒருவர். அந்தக் கதை கேட்டு வளர்ந்தவர் என்பதால் அவருக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், பட்டாலைத் திண்ணை ஓரத்தில் ஒலிபெருக்கியை வைத்திருந்தேன். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்களும் திறந்த முற்றமும் இருக்கும் இடத்தில் குரல் நன்றாகவே பரவியது. மொழி ஒன்றும் புரியாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, பல்லவியை மட்டும் மறுபடி வைக்கச் சொன்னார்.

“எங்க அப்பச்சி வந்து சேந்தன்னைக்கு எங்க ஆத்தா இப்படித்தான் அழுதாகளாம், சத்தமே வெளிய வரலையாம்” என்றார். பிறகு, “இந்தப் பொண்ணு நல்லாத்தான் பாடுது. பின்னால எதுக்கு இம்புட்டுக் கொட்டு? அதை நிப்பாட்டச் சொல்லு” என்றார்.

அப்பத்தா சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஒலிக்கூடப் பதிவின் பிற்பாதியில் மின்னணுத் தாளம் தேவைக்கு மேல் அடர்த்தியாகிவிடுகிறது. குரல் தனியாக நின்றே ஆளைக் கலங்கடிக்கும் இடத்தில், கூடவே இத்தனை அடி விழ வேண்டியதில்லை. எங்கள் ஊர் மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் இதை மறுக்கிறார்: தாளத்தை எடுத்துவிட்டால் முன்பாதியின் அமைதிக்கு எதிர்ப்பக்கம் இல்லாமல் போகும், ரயில் ஓட்டத்தை நினைவூட்டுவதே அந்தத் தாளத்தின் வேலை என்பது அவர் கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் என் காது அப்பத்தா பக்கந்தான்.

பர்மாவைச் சொன்னதால் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். செட்டிநாட்டுக் கேட்பவருக்கு இந்தப் பாட்டு நெருங்கிவருவதற்கு நம் வீடுகளில் புழங்கும் அந்த நடைப்பயணக் கதைகள் ஒரு காரணம். ஆயினும் இரண்டு இழப்புகளையும் ஒன்றாக எண்ணிவிடுவது முறையன்று. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடனைத் திருப்ப இயலாத பர்மிய உழவர்களின் நிலம் நம்மவர் நடத்திய வட்டிக்கடைகளுக்கு வந்துசேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. போரிலும் அதன்பின் வந்த நாட்டுடைமையிலும் நம்மவர் இழந்தது அந்த நிலத்தையும் முதலையும். திரும்பி வருவதற்குச் சொந்த ஊரும் வீடும் இருந்தன. தாத்தார்கள் தங்கள் ஊரிலிருந்தே பிடுங்கி எறியப்பட்டவர்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் பாட்டு இன்னும் ஆழமாகவே இறங்குகிறது. மண்ணில் வாழ முடியவில்லை என்ற வரியின் கனம் அப்போதுதான் முழுவதும் தெரிகிறது.

போட்டிக்கு வருவோம். உக்ரைன் 2015இல் பங்கேற்காமல் இருந்துவிட்டு அடுத்த ஆண்டு திரும்பி வந்தது. 2016 மே 14 அன்று ஸ்டாக்ஹோமின் குளோப் அரங்கத்தில் இறுதிச் சுற்று நடந்தது. நாடுகடத்தலின் நினைவு நாளுக்கு நான்கு நாள் முன்பு. மொத்தம் 42 நாடுகள் கலந்துகொண்ட அந்தப் போட்டியில்தான் நடுவர் புள்ளிகளையும் மக்கள் வாக்குப் புள்ளிகளையும் தனித்தனியே அறிவிக்கும் முறை முதன்முதலாக வந்தது. நடுவர்கள் ஆஸ்திரேலியாவின் டாமி இம்முக்கு 320 புள்ளிகள் அளித்து முதலிடத்தில் வைத்தார்கள். மக்கள் வாக்கில் ரஷ்யாவின் செர்கேய் லாசரேவ் 361 புள்ளிகளுடன் முந்தினார். ஜமாலா இரண்டிலும் இரண்டாவதாகவே வந்தார்: நடுவரிடம் 211, மக்களிடம் 323. கூட்டிப் பார்த்தால் உக்ரைன் 534, ஆஸ்திரேலியா 511, ரஷ்யா 491.

மூன்று பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. டாமி இம் பளபளக்கும் பெட்டி ஒன்றின் மேல் பெரும்பகுதி நேரம் அமர்ந்தபடியே பாடினார்; குரலின் துல்லியத்தை மட்டும் அளந்தால் அன்றிரவின் முதற்பாடகி அவரே என்பது என் தீர்ப்பு. லாசரேவின் பாட்டு, சுவரில் விழும் ஒளிப்படங்களோடு அவர் உடல் இணைந்தாடும் வித்தைக்காகப் பார்க்கத் தகுந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அதில் பாதி மறைந்துவிடுகிறது. ஜமாலாவின் பக்கத்தில் நடனக்காரர் இல்லை, துணைப்பாடகர் இல்லை. நீலநிற உடையில் தனியாக நின்றார். அவர் பாட்டு கண்ணை மூடினாலும் குறையவில்லை, திறந்தாலும் குறையவில்லை.

அரசியல் பேச்சு கூடாது என்ற போட்டி விதியை இந்தப் பாட்டு மீறுகிறது என்ற எதிர்ப்பு அப்போது ரஷ்யத் தரப்பில் எழுந்தது. கிரிமியா 2014இல் ரஷ்யாவின் பிடிக்குள் போன சூழலில், அந்த ஆண்டிலேயே ஜமாலா எழுதிய பாட்டு என்பதால் அந்தச் சந்தேகம் எழாமல் இருந்தால்தான் வியப்பு. போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் தலைப்பிலோ வரிகளிலோ அரசியல் இல்லை என்று முடிவுசெய்தது. வரிகளைப் படித்துப் பார்ப்பவருக்கு அந்த முடிவு சரியாகவே படும். எந்த நாட்டின் பெயரும் எந்தத் தலைவரின் பெயரும் அவற்றில் இல்லை. கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. நடுவர்கள் ஒருபக்கம் இருக்க, மக்கள் வாக்கில் உக்ரைன் மக்கள் தங்களுடைய முழுப் புள்ளி பன்னிரண்டையும் ரஷ்யாவின் பாட்டுக்குக் கொடுத்தார்கள். ரஷ்ய மக்கள் ஜமாலாவுக்குப் பத்துப் புள்ளி கொடுத்தார்கள். அந்த இரவில் அரசுகளுக்கு இடையே இருந்த பகை, வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்களின் காதுவரை எட்டவில்லை.

எந்தப் பதிவைக் கேட்பது என்ற கேள்விக்கு என் விடை, முதலில் இறுதிச்சுற்று மேடைப் பதிவு என்பதுதான். யூரோவிஷனின் அதிகாரபூர்வ யூடியூப் பக்கத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. 2016இல் இருந்த போட்டி விதிப்படி இசை முன்பதிவாக ஒலித்தது, குரல் மட்டும் நேரடியாக வர வேண்டியிருந்தது. ஆகவே அதில் கேட்பது அன்றைய இரவின் குரலேதான். ஒலிக்கூடப் பதிவில் குரல் மெருகேறியிருக்கிறது, அந்த மெருகு இந்தப் பாட்டுக்கு உதவவில்லை. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்பதைத் தவிருங்கள். தொடக்கத்தின் தாழ்ந்த ஒலிகளும் டுடுக்கின் கரகரப்பும் அதில் காணாமல் போய்விடும். பாட்டு நேராகப் பல்லவியில் தொடங்குவது போலத் தோன்றும். நடுத்தர விலையில் கிடைக்கும் ஹெட்போன் போதும்.

இரண்டாவதாக, 2022 மார்ச் மாதம் பெர்லினில் பாடிய பதிவைத் தேடிக் கேளுங்கள். ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியதும் தம் குழந்தைகளோடு கீவ் நகரைவிட்டு வெளியேறிய ஜமாலா, சில நாட்களுக்குள் ஜெர்மனியின் யூரோவிஷன் தேர்வு நிகழ்ச்சி மேடையில் நின்று இதே பாட்டைப் பாடினார். கொள்ளுப்பாட்டியின் கதையைப் பாடியவர் அன்று தாமே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டு வந்தவராக நின்றார். இசை நேர்த்தியில் ஸ்டாக்ஹோம் பதிவுக்கு அது ஒரு படி கீழேதான்; சில இடங்களில் குரல் தழுதழுக்கிறது. அதைக் குறையென்று நான் எண்ணவில்லை, ஆனால் முதல் முறை கேட்பவர் இதிலிருந்து தொடங்க வேண்டாம். சாதகத்தின் கட்டுப்பாட்டை ஸ்டாக்ஹோமில் கேட்ட பிறகுதான், அந்தக் கட்டுப்பாடு தளரும் இடம் எது என்பது பெர்லினில் விளங்கும்.

‘1944’ என்ற பெயரிலேயே வெளிவந்த இசைத்தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் உள்ள மற்றப் பாட்டுகள் கேட்க இனியவை, ஆனால் இந்தப் பாட்டைத் தேடி வருபவருக்கு அவை வேறொரு பாடகியின் பாட்டுகளாகத் தோன்றும். பணம் கொடுத்து வாங்குவதானால் 2023இல் வந்த ‘கிரிம்’ தொகுப்பை வாங்கலாம். கிரிமியத் தாத்தார் நாட்டுப்பாடல்களை ஆர்கெஸ்ட்ராவோடு ஜமாலா பாடியிருக்கும் தொகுப்பு அது. போட்டிக்காக மூன்று நிமிடத்தில் சுருக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், கமகங்களை அவர் அவசரமின்றி விரித்துப் பாடுகிறார்; ஆங்கில வரிகள் குறுக்கே வருவதில்லை; அப்பத்தா குறைசொன்ன கொட்டும் இல்லை. தமிழிசை கேட்டுப் பழகியவர்களுக்கு ‘1944’ பாட்டைவிடவும் இதுவே நெடுநாள் துணையிருக்கும் என்று நம்புகிறேன்.